லினக்ஸ் கர்னலுக்கு முதல் பேட்ச்: எங்கே இடறும்

பேட்ச் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலில் நீங்கள் செய்த மாற்றத்தை மெயிலில் அனுப்பும் வடிவம். அதில் கோட் வரிகளை மாற்றுவது பத்து நிமிட வேலை. நாட்கள் போவதெல்லாம் மற்றதற்குத்தான்.

கைபழக டிரைவர்ஸ் அடைவுக்குள் இருக்கும் ஸ்டேஜிங் (இன்னும் முழுத் தரத்தை எட்டாத டிரைவர்கள் கிடக்கும் அடைவு) தோதான இடம். கோட் எழுதும் நடையில் உள்ள பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஒரு கோப்பின் மேல் ஓட்டினால் வரிசையாகக் கத்தும். எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தக் கை துறுதுறுக்கும், வேண்டாம்: ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாற்றம். பில்டு பண்ணுமுன் அந்த டிரைவரை கன்ஃபிக்கில் (கர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியலில்) ஆன் செய்தீர்களா என்று பாருங்கள். செய்யாவிட்டால் உங்கள் கோப்பு கம்பைலே ஆகாது, ஆனால் பில்டை ஓட்டும் மேக் கட்டளை பிழையில்லாமல் முடிந்து ஏமாற்றும்.

மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். கமிட் செய்தியில் 'வார்னிங்கை நீக்கினேன்' என்று எழுதினால் பேட்ச் திரும்பி வரும். என்ன கெடுகிறது, ஏன் என்பதை எழுத வேண்டும்: 'மெமரி ஒதுக்கும் கேமல்லாக் தருவதைச் சோதிக்காததால், மெமரி கிடைக்காதபோது டிரைவர் வெற்று (NULL) பாயிண்டரைத் தொட்டு விழுகிறது.' வரிக்கு 75 எழுத்துக்குள் மடியுங்கள். கமிட் கட்டளையில் மைனஸ் எஸ் (-s) போட்டால், இதை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் சைன்ட்-ஆஃப்-பை வரி தானாக விழும். அது இல்லாத பேட்ச்சை எடுக்க மாட்டார்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். அனுப்ப கிட் சென்ட்-ஈமெயில் கட்டளை. ஜிமெயிலை பிரவுசரில் திறந்து ஒட்டினால் டேபெல்லாம் ஸ்பேஸாகிவிடும், பிறகு பேட்ச் கோடில் ஏறாது. முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை கிட் ஏஎம் கட்டளை கொண்டு ஏற்றிப் பாருங்கள்.

தொழில் படிவது ரிவ்யூவில்தான். 'ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு ஜிஎஃப்பி கர்னல் கேட்கிறீர்களே?' என்று ஒரே வரி வரும். ஜிஎஃப்பி கர்னல் என்பது சாதாரண மெமரி ஒதுக்கீட்டுக்கான குறி. அந்த அலொகேஷன் மெமரிக்காகக் காத்துத் தூங்கக்கூடும். ஸ்பின்லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) கையில் இருக்கும்போது தூங்கக் கூடாது. தூங்காத வகையான ஜிஎஃப்பி அட்டாமிக் என்று மாற்றிவிட்டுத் தப்பிக்கலாம், ஆனால் மெமரி நெருக்கடியில் அது சீக்கிரம் கைவிரிக்கும். அலொகேஷனை லாக்குக்கு முன்னால் நகர்த்த முடியுமா என்பதைத்தான் கேட்டவர் எதிர்பார்க்கிறார். புரியாமல் 'சரி, மாற்றிவிட்டேன்' என்று எழுதினால் அடுத்த கேள்வி இன்னும் கறாராக வரும். பதிலை அவருடைய வரிக்குக் கீழேயே எழுதுங்கள், மெயிலின் உச்சியில் அல்ல.

பதிலே இல்லையா? குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். இரண்டு வார மெர்ஜ் விண்டோ (அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைக் கர்னலில் சேர்க்கும் காலம்) நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை. திருத்தி மறுபடி அனுப்பும்போது வி2 (இரண்டாம் பதிப்பு) என்று குறித்து, என்ன மாறியது என்பதை கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று சிறுகோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் கிட் வரலாற்றில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.