பன்றிக் காதும் ஒரு வரிச் சூத்திரமும்

எம்.ஃபார்ம் ஆய்வுக்கு நான் எடுத்தது ஐபுப்ரோஃபென். வலிக்குத் தடவும் ஜெல்களில் இருக்கிற அதே மருந்து. தோல் வழியாக எவ்வளவு வேகமாக இறங்கும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும், பிறகு அளந்து பார்த்து ஒப்பிட வேண்டும். கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது. அளக்க ஏழு மாதம் ஆனது.

கணக்குக்கு, ரஸ்ஸல் பாட்ஸ், ரிச்சர்ட் கை என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட சூத்திரம். மூலக்கூறு எடை, எண்ணெய் நாட்டத்தைச் சொல்லும் லாக் பி, இந்த இரண்டு எண்கள் போதும். தோலின் உச்சியில் 10 முதல் 20 மைக்ரான் தடிமனுக்குச் செத்த செல்கள் அடுக்கியிருக்கும். செங்கலுக்கு நடுவே சாந்து மாதிரி அவற்றுக்கு நடுவே கொழுப்பு. அந்தச் சாந்து வழியாகத்தான் மருந்து நுழைகிறது. அதனால் எண்ணெய் நாட்டம் கூடினால் வேகம் கூடும், எடை கூடினால் குறையும். ஐபுப்ரோஃபெனுக்கு எடை 206, லாக் பி 3.97. எக்செல்லில் போட்டால் மணிக்குச் சுமார் 0.07 செ.மீ.

மனிதத் தோல் எங்களுக்குக் கிடைக்காது. அதற்கு நெருக்கமானது பன்றிக் காதுத் தோல். விடிகாலையில் கறிக்கடைக்குப் போய், "அண்ணே, வெந்நீர் ஊத்துறதுக்கு முன்னாடியே காதை வெட்டிக் குடுத்துடுங்க" என்றால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மயிர் சுரண்ட வெந்நீர் ஊற்றினால் மேல்தோல் கழன்றுவிடும், நமக்கு வேண்டியதே அந்த மேல்தோல்தான் என்று விளக்கினேன். முதல் வாரம் கொண்டுவந்த ஆறு காதும் வெந்தவை. மூன்றாவது வாரத்திலிருந்து, "காதுப் பாப்பா வந்தாச்சு" என்று அவரே தனியாக எடுத்துவைத்தார்.

குருத்தெலும்பிலிருந்து தோலை உரித்து, முடியைக் கத்தரித்து, ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கருவியில் பொருத்தினேன். மேலே மருந்துக் கரைசல், நடுவில் தோல், கீழே காந்தத் துண்டு சுழலும் பஃபர், அதாவது அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல். தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் நிற்க வேண்டும். தோலுக்கு அடியில் கடுகளவு காற்றுக்குமிழி தங்கினாலும் அந்த இடத்தில் மருந்து இறங்காது. செல்லைச் சாய்த்து, பக்கக்குழாய் வழியாகக் குமிழியை வெளியேற்றும் வித்தை கைவர இரண்டு வாரம் பிடித்தது. 24 மணி நேரச் சோதனை, நடுராத்திரியிலும் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தது தனிக்கதை.

அளந்த வேகம் கணித்ததில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. தோலைச் சந்தேகித்தேன், குமிழியைச் சந்தேகித்தேன், மருந்தின் அளவைக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியைக்கூட விடவில்லை. கைடு மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "மேலே என்ன பிஎச்?" 7.4. ஐபுப்ரோஃபென் ஓர் அமிலம். அந்த பிஎச்சில் ஆயிரம் மூலக்கூறில் மின்னூட்டம் இல்லாமல் இருப்பது மூன்று நான்கு தேறினாலே அதிகம். மின்னூட்டம் ஏறியது கொழுப்புக்குள் எளிதில் நுழையாது. நான் சூத்திரத்தில் போட்ட லாக் பி மின்னூட்டம் இல்லாத வடிவத்துக்கு உரியது. கணித்தது ஒரு பொருளை, கிண்ணத்தில் ஊற்றியது வேறொரு பொருளை!

பிஎச்சை 4.5-க்கு இறக்கினால் மருந்து கரையவே மறுத்தது. கரைந்த கொஞ்சத்தை வடிகட்டி, அதன் செறிவை அளந்து, மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை நாலு மடங்கு வித்தியாசம். என் முகம் வாடியதைப் பார்த்து மேடம் சிரித்துவிட்டார். "பத்து மடங்குக்குள்ள வந்தாலே இதுல பெரிசு. போய் எழுத ஆரம்பி."