பயறின் மேல் வெள்ளைப் புள்ளி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் உறையூர்ப் பக்கம் அரிசியில் வண்டு, சிங்க்கில் கரப்பான் என்ற பேச்சுதான். உடனே ஸ்ப்ரே வாங்க ஓடுகிறார்கள். என் அடுப்படிக்குள் ஸ்ப்ரே வராது. எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸும் வராது. அதிலும் இருப்பது பூச்சிக்கொல்லிதான், பருப்பு டப்பா வைக்கிற தட்டில் அதை எதற்குத் தேய்க்க வேண்டும்? வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலருக்கு மாதச் சாப்பாடு கொடுக்கிறேன். அவர்களைப் பெற்றவர்கள் என்னை நம்பி ஊரில் இருக்கிறார்கள்.

வண்டு பெரும்பாலும் நம் வீட்டில் உண்டாவதில்லை, கடையிலிருந்தே அரிசியோடு வருகிறது. மூக்கு நீண்ட அந்தக் கரும்பழுப்பு வண்டு, அரிசி மணியைக் குடைந்து உள்ளே முட்டை வைத்து, மேலே பசை போட்டு அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளரும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். முறத்தில் என்னதான் புடைத்தாலும் வெளியே திரிகிற வண்டு போகுமே தவிர, மணிக்குள் இருப்பது அப்படியே தங்கிவிடும். அதனால் பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டவே கொட்டாதீர்கள். டப்பா காலியாகட்டும், கழுவி வெயிலில் நன்றாகக் காயட்டும், பிறகு நிரப்பலாம்.

தட்டைப்பயறு, பாசிப்பயறு வாங்கும்போது ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் மேல் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. ஊதினால் போகாது, நகத்தால் சுரண்ட வேண்டும். சில மணிகளில் மங்கலாக ஒரு வட்டம் தெரியும். உள்ளே வண்டு வளர்ந்து, மெல்லிய தோலை மட்டும் மூடியாக விட்டுவைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மூட்டையை வாங்காதீர்கள். இந்த வண்டுக்கு முழுப்பயறுதான் பிடிக்கும், உடைத்த பருப்பில் அவ்வளவாக வராது. துவரைக்கு விளக்கெண்ணெய் தடவி வைக்கிற பழைய வழக்கம் மிகச் சரியானது. எண்ணெய்ப் பூச்சில் முட்டை சரியாக ஒட்டாது, ஒட்டினாலும் பொரிப்பது கஷ்டம்.

ரவை, கோதுமை மாவு வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நாலு நாள் வைத்துவிடுவேன். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். எடுத்தவுடனே பிரிக்கக் கூடாது, குளிர்ச்சி போகும்வரை விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்து மாவு கட்டிதட்டும்.

கரப்பான் விஷயத்தில் எல்லாரும் சோற்றுப் பருக்கையைத் தேடுகிறார்கள், நான் தண்ணீரைத் தேடுவேன். அது பட்டினியாக ஒரு மாதம்கூடக் கிடக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. ராத்திரி சிங்க்கைத் துடைத்துக் காயவிட்டு, மேடை துடைத்த துணியைப் பிழிந்து வெளியே கொடியில் போட்ட பிறகுதான் விளக்கை அணைப்பேன். பலர் மறக்கிற இடம் ஒன்று உண்டு: ஃப்ரிட்ஜின் பின்னால், கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டு. சூடு, ஈரம், இருட்டு மூன்றும் அங்கே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கழுவுங்கள். கழுத்துக்குப் பின்னால் இரண்டு கருப்புக் கோடு போட்ட சின்னக் கரப்பான் அட்டைப்பெட்டியில் ஒளிந்து வரும். அது சுமக்கிற ஒரு முட்டைப்பையில் முப்பது நாற்பது குஞ்சுகள் இருக்கும். மளிகைப் பெட்டியை வாசலிலேயே பிரித்துவிட்டு, சாமானை மட்டும் உள்ளே எடுத்து வாருங்கள்.

எலிக்கு மருந்து வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பொறி வையுங்கள். கேஸ் டியூப் நுழைகிற ஓட்டை, சிங்க் குழாயைச் சுற்றியுள்ள இடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் போதும். இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கடித்துத் திறக்க முடியாது.