படிவத்தில் இல்லாத கேள்வி

"அக்கா, சபைக்கு மாதம் எவ்வளவு குடுக்கிறீங்கள்?"

படிவத்தில் இந்தக் கேள்வி இல்லை. நானாகத்தான் கேட்டேன்.

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பக்கம், எங்கள் அலுவலகம் குடுக்கிற தையல் மெஷினுக்கு ஆள் தெரிவு. 2006இல் இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, பத்து வருடத்துக்குப் பிறகு காணிக்குத் திரும்பிய சனம். மெஷின் 8, விண்ணப்பம் 21. சங்கத்து ஐயா முதலே காதுக்குள் சொல்லிவிட்டார்: "அது கிறிஸ்தவத்துக்கு மாறின குடும்பம் தம்பி, அவையளைச் சபை பாத்துக்கொள்ளும்."

அக்கா ஒளிக்கவில்லை. "பத்தில ஒண்டு" என்றார். உள்ளே போய்க் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். பென்சிலால் கோடு போட்ட பக்கம். நடுவில் ஒரு காணிக்கை உறை, அதன் மேல் மல்கியா 3:10 என்று எழுதியிருந்தது. தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொண்டுவரச் சொல்கிற வேத வசனம்.

"மனுசன் கசிப்புக்குக் குடுக்கேக்க எவ்வளவு எண்டு ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே தம்பி."

புருசன் முன்பு குடித்த கள்ளச் சாராயத்தைத்தான் சொன்னார். நான் சிரித்துச் சமாளித்தேன். தசமபாகத்தை 'மாதாந்தக் கடப்பாடு' என்று குறித்தேன். புள்ளி குறைந்தது. அக்கா 9ஆவது.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. குழுக்கடன் கட்ட முடியாமல் பின்கதவால் ஓடிய பெண்களைக் கண்டவன் நான். நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்ததே 2018இல்தான். அதற்கு மேல் பத்தில் ஒன்று என்றால் பயம் வராதா?

ஆனால் கசிப்பு நின்றதில் மிஞ்சிய காசு தசமபாகத்தைவிடக் கூட என்று அதே கொப்பி சொன்னது. சபைப் பெண்கள் பிடிக்கிற சீட்டும் அதில் இருந்தது. அதையெல்லாம் எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. 2004 சுனாமி உதவிக் காசோடு வந்த சபைகள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. சிலோன் பெந்தகோஸ்து மிஷன் என்ற சபை இங்கே 1924இலேயே தொடங்கியது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் தலையாட்டியிருக்கிறேன். மற்ற 20 பேரிடமும் கோயில் திருவிழாவுக்கோ சாமத்தியவீட்டுக்கோ எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நானே வருடாவருடம் அம்மன் கோயில் உபயத்துக்குக் கடன் வாங்குகிறவன்.

சரி, குடியை விட்டது சபையாலா, ஈரல் பழுதானதாலா? ஆறு மாதத்தில் திரும்பக் குடித்தவர்களையும் கண்டிருக்கிறேன். இப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த வருடம் படிவம் திருத்தும்போது, கோயில், பள்ளிவாசல், சபைச் செலவை எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி வெட்டிவிட்டார். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.