கழுவுறதைக் குறையுங்கோ, ஈரத்தைப் போக்குங்கோ

யோனியின் உட்பகுதியைக் கழுவத் தேவையே இல்லை. அங்கே இருக்கும் லக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியா லக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் இலகுவில் பெருகாது. சவர்க்காரக் கட்டியின் பிஎச் 9, 10 அளவில் இருக்கும். அதை விரலால் உள்ளே விட்டுத் தேய்த்தாலும், டெட்டோல் கலந்த தண்ணீரால் கழுவினாலும் முதலில் அழிவது அந்த நல்ல பக்டீரியாதான். பிறகு நாற்றம் கூடும். நாற்றம் என்று திரும்பவும் உள்ளே கழுவினால் இன்னும் கூடும்.

வெளிப்பகுதியை நாளுக்கு ஒருமுறை, வியர்த்த நாளில் இரண்டுமுறை கழுவினால் போதும். முன்பக்கமாகத் தண்ணீர் ஊற்றி, மடிப்புகளுக்கு இடையில் விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கோ. மலவாசலைக் கடைசியாகக் கழுவுங்கோ, அதன்பிறகு கை முன்னுக்கு வரக்கூடாது. சிறுநீர்த் தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் குடலில் வாழும் கிருமிதான்.

வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினத் தண்ணீர். நுரை வரவில்லையே என்று சவர்க்காரத்தை இன்னும் போடுகிறோம். கல்சியத்தோடு சேர்ந்த சவர்க்காரம் கரையாத வெள்ளைப் படையாகத் தோலிலும் உள்ளாடையிலும் ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரியாத எரிவு, கடி (அரிப்பு) பலதுக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே அந்த இடத்துக்கு வெறும் தண்ணீர். உள்ளாடையைக் குறைந்தது மூன்று தண்ணீரில் அலசுங்கோ. மாரியில் கூரைப் பீலியால் வடியும் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு அது நல்லது.

கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரக் குறுக்குக்கட்டோடேயே உடுப்புத் தோய்ப்பதும், வயலில் நனைந்த பாவாடையோடு பொழுதுபடும்வரை களை பிடுங்குவதும்தான் பெரிய சிக்கல். சூடும் ஈரமும் சேர்ந்த மடிப்பில் பங்கசு (பூஞ்சணம்) வேகமாகப் பெருகும். குளித்தவுடன் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்து உடுப்பை மாற்றுங்கோ. வயலுக்குப் போகும்போது பையில் இன்னொரு உள்ளாடை கொண்டுபோங்கோ.

மாதவிடாய்த் துணியென்றாலும் பாட் என்றாலும் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கோ, சுடுதண்ணீர் இரத்தக்கறையை இறுக்கிவிடும். பிறகு சவர்க்காரம். ஆம்பிளையள் பார்ப்பினம் என்று சேலைக்கு அடியிலோ அறை மூலையிலோ மறைத்துக் காயப்போட்டால் அது காய்வதே இல்லை, ஈரத்தில் பூஞ்சணம்தான் பிடிக்கும். வெயில் படும் கொடியில் போடுங்கோ, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மழை விடாத நாளில் சூடான அயன் பெட்டியால் தேய்த்து முழுவதும் உலர்த்துங்கோ.

மாதத்தின் நடுப்பகுதியில் முட்டை வெள்ளைக்கரு போலக் கசிவது நோயல்ல. தயிர்க்கட்டி போலப் படிந்து கடி இருந்தால் பெரும்பாலும் பங்கசு. அன்டிபயோட்டிக் குளிசை குடித்தபிறகு இது வருவதுண்டு. அடிக்கடி வந்தால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தத்தைப் பரிசோதியுங்கோ. சாம்பல் நிறக் கசிவும் மீன் நாற்றமும் பக்டீரியாவால் வருவது. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரையாக வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற, உறவால் தொற்றும் கிருமியாக இருக்கலாம், அதற்குக் கணவருக்கும் சேர்த்தே மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். பங்கசுக்கான மருந்து மற்ற இரண்டுக்கும் சரிவராது. பாமசியில் கடிக்கென்று கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிரீம் கடியை அடக்கிப் பங்கசை வளர்க்கும்.

உறவுக்குப் பின் இரத்தம், வயதாகி மாதவிடாய் முற்றாக நின்றபிறகு இரத்தம், காய்ச்சலோடு அடிவயிற்று வலி, இவை வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. 35 வயதானவர்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். நாள் எப்போது என்று உங்கட குடும்பநல மாதுவிடம் கேளுங்கோ. மாதவிடாய் நாளில் போக வேண்டாம். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாளும் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் குளிசையும் வேண்டாம்.