பூனை ஓயாமல் கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது மணல் பெட்டியை

வீட்டுப் பூனை எந்நேரமும் மியாவ் மியாவ் என்று கத்துகிறது என்றால், "பசிக்குது போல, ஏதாவது வை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. பல நேரம் பசியே காரணமாக இருக்காது. பசிதான் என்றாலும், கத்தியவுடன் சோறு வைத்தால் அடுத்த மாதம் இன்னும் அதிகமாகக் கத்தும்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது அபூர்வம். சீறும், உறுமும், வாலாலும் காதாலும் வாசனையாலும் பேசிக்கொள்ளும். மியாவ் என்பது குட்டி தாயைக் கூப்பிடும் குரல். மனிதரோடு வாழும் பூனை, பெரிதான பிறகும் அதை நமக்காக வைத்துக்கொள்கிறது. 2009-இல் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு ஒன்றைக் கவனித்தது: சாப்பாடு கேட்கும் பூனையின் குர்ர் ஒலிக்குள், பச்சிளங்குழந்தையின் அழுகைக்கு நெருக்கமான ஓர் உச்ச ஒலி ஒளிந்திருக்கிறது. கேட்பவருக்கு அது அவசரமாகப் படுகிறது. ஆக, பூனை நம்மிடம்தான் ஏதோ கேட்கிறது. என்ன கேட்கிறது என்பதை குரலை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எங்கே நின்று கத்துகிறது, எந்த நேரத்தில், கத்துவதற்குச் சற்று முன் என்ன செய்தது, எதனால் நின்றது என்று மூன்று நாள் குறித்து வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மூன்று நாள் காத்திருக்கவே கூடாது. கடுவன் பூனை, மலசலம் கழிக்க வைத்திருக்கும் மணல் பெட்டியில் ஏறி, உட்கார்ந்து, முக்கி, கத்திவிட்டு இறங்குகிறது. ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போகிறது. நடுவில் அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருக்கிறது. மணலைக் கிளறிப் பார்த்தால் ஈரமே இல்லை, அல்லது சொட்டு அளவில்தான் இருக்கிறது. இது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. உப்புப் படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடக்கூடும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாமதம்தான் உயிரை எடுக்கிறது. வயிற்றை அழுத்தக் கூடாது, காலை வரை பார்க்கலாம் என்றும் விடக் கூடாது. நள்ளிரவானாலும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது இன்னொரு பெரிய தவறு. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும்.

இதற்காகத்தான் சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணலை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். ஒரு நாளைக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டி வரும். அள்ளும்போதே எண்ணிவிடலாம். எண்ணிக்கை திடீரென ஏறினாலும் குறைந்தாலும் கத்தலின் காரணம் அங்கேதான் இருக்கிறது.

வாய் வலியைக் கண்டுபிடிப்பது எளிது: தட்டுக்கு ஆவலாக வரும், ஒரு வாய் எடுக்கும், கத்திவிட்டு விலகும். பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு, தொட்டால் சில்லென்று இருந்து, பூனை அலறினால் அது காலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

கருத்தடை செய்யாத பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதில் பருவத்துக்கு வரும்போது போடும் சத்தத்தைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். நீளமாக ஊளையிடும், தரையில் புரளும், முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும். வலி எதுவும் இல்லை. ஏறக்குறைய ஒரு வாரம் நீடித்து அடங்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். பகல் நீளமான மாதங்களில் இது அதிகம். விளக்கு வெளிச்சத்திலேயே வாழும் வீட்டுப் பூனைக்கு வருடம் முழுக்கவும் வரலாம். இதற்குத் தீர்வு அறுவை சிகிச்சைதான். ஐந்து மாதத்துக்கு முன்பே செய்துவிடலாம். "ஒரு ஈத்தாவது போடட்டும்" என்று காத்திருப்பதால் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. கடுவனுக்குச் செய்தால் ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும், மறுநாளே அமைதியை எதிர்பார்க்க வேண்டாம்.

உடம்பில் குறையில்லை, கருத்தடையும் ஆகிவிட்டது, ஆனாலும் விடியற்காலை நாலரைக்குக் கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்துகிறது என்றால், அது நாம் கற்றுக்கொடுத்த பழக்கம். பூனை இயல்பாகவே விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. அந்த நேரத்தில் ஒரு நாள் கத்தியது, நாம் எழுந்து தட்டை நிரப்பினோம். அது போதும். எழுந்து திட்டினாலும் அதற்கு அது கவனிப்புதான். ஒன்பது நாள் பொறுத்துப் பத்தாவது நாள் எழுந்து சோறு வைப்பது எல்லாவற்றிலும் மோசம். விடாமல் கத்தினால் கிடைக்கும் என்ற பாடத்தை அதைவிட உறுதியாகப் பதிய வைக்க முடியாது.

முதலில் உணவின் அளவைச் சரிபாருங்கள். நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை ஆன வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி போதும். உலர் உணவாக மட்டும் என்றால் 50 முதல் 55 கிராம். கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். அதை நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். ஒரே வேளையில் கொட்டிவிட்டால் மீதி நேரமெல்லாம் கத்தும்.

தூங்கப் போகும் முன் 10 முதல் 15 நிமிடம் கோலில் கட்டிய இறகை வைத்து ஓடவிடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விட வேண்டும். பிடிக்கவே முடியாத லேசர் புள்ளி பூனையை இன்னும் பரபரப்பாக்கும். விளையாடிய கையோடு அன்றைய கடைசி வேளை உணவு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதுதான் அதன் வரிசை. காலை வேளைக்குத் தானியங்கி உணவுப் பெட்டி வாங்கிவிட்டால் பெரிய நிம்மதி, ஏனென்றால் சோறு உங்களிடமிருந்து வருகிறது என்ற எண்ணம் மாறி, பெட்டியின் முன் போய் உட்காரும். இப்போது கத்தும் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே பெட்டி திறக்கும்படி வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே போங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, கத்தலைக் கண்டுகொள்ளாமல் விடும்போது முதல் சில நாள் கத்தல் குறையாது, கூடும். பெரும்பாலானோர் இங்கேதான் "இது பலிக்கவில்லை" என்று கைவிடுகிறார்கள். உண்மையில் பலிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. வாயை மூடி இரண்டு மூன்று விநாடி இருந்தாலே போதும், அந்த இடைவெளியில் போய்த் தடவிக் கொடுங்கள். தண்ணீர் பீய்ச்சுவது, தட்டுவது எல்லாம் வேண்டாம். அது உங்களைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும்.

ஒன்றுக்கு மேல் பூனை இருந்தால் மணல் பெட்டி எண்ணிக்கை பூனைகளைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். ஒரு பூனை வழியை மறித்து உட்கார்ந்திருக்க, இன்னொன்று கத்திக்கொண்டே அடக்கிக்கொண்டிருப்பது நாம் கவனிக்கத் தவறுகிற விஷயம்.

பத்து வயதைத் தாண்டிய பூனை புதிதாக இரவில் ஊளையிடத் தொடங்கினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு மிகையாக இருக்கலாம். ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. அதோடு சிறுநீரகப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அழுத்தம் ஏறிய பூனைக்கு விழித்திரை விலகி ஒரே நாளில் பார்வை போகலாம். இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டு கத்துவது அதனால் இருக்கலாம். காது மந்தமான பூனை, தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கக் கத்தும். இவை எதுவும் இல்லை என்றான பிறகுதான் மறதி நோய் என்ற முடிவுக்கு மருத்துவர் வருவார். அப்படிப்பட்ட பூனைக்கு இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும், மணல் பெட்டியின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும், தட்டையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். நடுக்கூடத்தில் நின்று கத்தினால் இதற்கு மட்டும் மேலே சொன்ன கண்டிப்பெல்லாம் வேண்டாம்; எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல்தான் அது கூப்பிடுகிறது. எழுந்து போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, படுக்கைக்கு அழைத்து வாருங்கள்.