30 சென்ட் கல்லும் இரண்டு பில்லும்

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்ததுமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி கைபேசியை நீட்டி, "கடை கடையாக ஏறி இறங்குவானேன் அக்கா? எல்லாம் இதிலேயே இருக்கிறது" என்றான். அப்பாவுக்கு நகை என்றால் கோவை ராஜ வீதி. அதிலும் தாத்தா காலத்திலிருந்து போய்வரும் ஒரே கடை. ஆடிட்டர் அலுவலகத்தில் பில் பார்த்தே பிழைப்பவள் நான் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டு பக்கமும் விலை விவரம் கேட்டேன்.

முதலில் கடை. முதலாளி "வாருங்கள் அம்மிணி" என்று வரவேற்று, காபிக்குச் சொல்லிவிட்டு, வெல்வெட் தட்டில் மோதிரங்களைப் பரப்பினார். 30 சென்ட் ஒற்றைக் கல் (வைர எடையில் நூறு சென்ட் ஒரு காரட்), 18 காரட் தங்கம். விலை கேட்டால் ஒரே தொகையாகச் சொன்னார். இதில் கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று கேட்டதும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. "நமக்குள் என்ன அம்மிணி, மொத்தமாகப் பார்த்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். நகைக்கடையில் இதைவிடச் செலவு வைக்கும் வாக்கியம் கிடையாது.

அன்று இரவு தம்பி காட்டிய தளத்தில் அதே மாதிரி மோதிரத்தைத் திறந்தேன். படத்துக்குக் கீழே விலை பிரிந்து கிடந்தது: தங்கம் இத்தனை கிராம், கிராம் விலை இவ்வளவு, கல் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, ஜிஎஸ்டி 3 சதவீதம். கணக்கு பார்ப்பவளுக்கு இது போதும், மயங்கிவிடுவாள். இணையத்தில் வாங்குவதில் உள்ள பெரிய லாபம் தள்ளுபடி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த ஐந்து வரிகள்தான் லாபமாகத் தெரிந்தன.

ஏன் என்று சொல்கிறேன். தங்கத்துக்குக் காரட் என்பது தூய்மை, கல்லுக்கு அது எடை. ஐந்து காரட் ஒரு கிராம். 30 சென்ட் கல்லின் எடை 0.06 கிராம். மோதிரத்தை அப்படியே தராசில் வைத்து மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், கல்லுக்கு ஒரு முறை வைர விலையும் இன்னொரு முறை தங்க விலையும் கொடுக்கிறோம். மோதிரத்தில் இது சில நூறு ரூபாயோடு போய்விடும். ஐந்து காரட் கல் வைத்த நெக்லஸில் ஒரு முழு கிராம் தங்கத்தின் காசு. அதேபோல 18 காரட் நகைக்கு 22 காரட் விலை போட்டிருக்கிறார்களா என்பதும் பிரித்து எழுதினால்தான் தெரியும். ஹால்மார்க் இருக்கிறதே என்பார்கள். ஹால்மார்க்கோடு ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான, எழுத்தும் இலக்கமுமாக ஆறு குறிகள் கொண்ட எச்யுஐடி எண் தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான் சாட்சி. இந்திய தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தங்கத்தின் விவரம் வரும். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

கல்லுக்குச் சாட்சி வேறு. ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் எண், பெரும்பாலும் கல்லின் இடுப்புப் பட்டையில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அதைப் படித்துவிடலாம். அதே எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். கடை முதலில் எனக்கு நீட்டியதோ அவர்களே அச்சடித்த பளபள அட்டை. அதில் "ஈஎஃப் விவிஎஸ்" என்று இருந்தது. நம் ஊரில் எந்த வைரத்தைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும்: நிறத்தில் ஈ அல்லது எஃப், தெளிவில் விவிஎஸ். உயர்ந்த தரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த படியான ஜி நிறம், விஎஸ்1 தெளிவு உள்ள கல்லையும் அதையும் விரலில் போட்டுக்கொண்டால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலையில் நன்றாகவே தெரியும். கல் மின்னுவது பெரும்பாலும் பட்டை தீட்டிய நேர்த்தியால். அதைப் பற்றி அந்த அட்டையில் எதுவும் இல்லை.

இணையத்தின் பக்கமும் கண்கட்டு உண்டு. 30 சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர்கூட வராது. திரையில் அது உள்ளங்கை அகலத்துக்குச் சுழன்றுகொண்டிருக்கிறது. லென்ஸ் இல்லாமல் யாராலும் காண முடியாத புள்ளி அங்கே கரும்பாறையாகத் தெரிய, தம்பி ஒவ்வொரு கல்லாகக் கழித்துக்கொண்டே போனான். நான் ஒரு தாளில் அந்த அளவுக்கு வட்டம் வரைந்து அவன் முன்னால் வைத்தேன். "இவ்வளவுதானா?" என்றான்.

கடையில் வேறு மாதிரி மயக்கம். கூரையில் வரிசையாக எரியும் விளக்குகளுக்குக் கீழே எந்தக் கல்லும் தீப்பொறி பறக்கவிடும். மோதிரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்றேன். விற்பனைப் பெண் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், பாவம். ஆட்டோக்களுக்கு நடுவே பார்த்தபோது, உள்ளே ஒன்றுபோல இருந்த இரண்டு கல்லில் ஒன்று சற்று மங்கலாகத் தெரிந்தது.

பாட்டியின் ஏழு கல் தோடு நினைவுக்கு வந்தது. அது புளூ ஜாகர் என்பதில் பாட்டிக்கு அப்படி ஒரு பெருமை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டெயின் சுரங்கத்தை வைத்து வந்த பெயர். வெயிலில் லேசாக நீலம் காட்டும் கல். அந்த நீலம் புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் குணத்தால் வருவது. இன்றைய சான்றிதழில் அதற்கென ஒரு வரி உண்டு. "வலுவான ஒளிர்வு" என்று இருந்தால் பொதுவாக விலையைக் குறைக்கிறார்கள். பாட்டி கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கியது இன்று தள்ளுபடிக்குக் காரணம்.

பாட்டி காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். கல்லைப் பொட்டலமாக வாங்கி வந்து சாமி அறையில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூடக் கல் திரும்பிப் போய்விடும். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். இணையக் கடைகள் சில தரும் 15 நாள் திரும்பப் பெறும் வசதியை அப்பாவுக்கு இதைச் சொல்லித்தான் விளக்கினேன். சட்டென்று புரிந்துகொண்டார். ராஜ வீதியிலோ இப்போது பில் போட்டுவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பாது.

நடுவில் தம்பி ஆய்வக வைரத்துக்கு, அதாவது சுரங்கத்தில் எடுக்காமல் ஆய்வகத்தில் உருவாக்கும் வைரத்துக்கு, தாவினான். அதே அளவுக்கு விலை பல மடங்கு குறைவு. 2023இல் பிரதமர் அமெரிக்கா போனபோது பைடனின் மனைவிக்குக் கொடுத்ததே 7.5 காரட் ஆய்வக வைரம்தானே என்று வாதாடினான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அதுவும் வைரம்தான், கரிதான். ஆனால் கடைகளில் வைத்திருக்கும் சாதாரணப் பேனா வடிவக் கருவி வெப்பம் கடத்துவதை மட்டுமே அளக்கிறது. ஆய்வகக் கல்லுக்கும் அது வைரம் என்றே விளக்கைக் காட்டும். எதை வாங்கினாலும் இயற்கையா, ஆய்வகமா என்பது பில்லில் எழுத்தாக இருக்க வேண்டும். அப்பாவின் கேள்வி வேறு: "அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா?" வங்கியில் எந்தக் கல்லுக்கும் கடன் கிடையாது, கல் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும்தான் என்றேன். "அப்படியென்றால் வைரமே எதற்கு?" என்றார். அந்த வாதத்தில் அவரை வெல்ல எங்களால் முடியவில்லை. பெண் ஆசைப்படுகிறாள் என்று சொல்லி முடித்தோம்.

என்னைக் கடைப் பக்கம் சாய்த்தது விரல் அளவு. இணையத் தளங்கள் பெண்ணுக்குத் தெரியாமல் அவளுடைய பழைய மோதிரத்தை எடுத்து அளந்து ஆச்சரியப்படுத்துங்கள் என்கின்றன. எங்கள் ஊரில் பெண், அவள் அம்மா, சித்தி, தாய்மாமா என்று எல்லாருமாக வந்து கடையில் உட்கார்ந்துதான் அளவு கொடுத்தார்கள். வெயில் நேரத்தில் விரல் தடித்திருக்கும், காலையில் இளைத்திருக்கும் என்று சித்தி சொல்ல, அரை மணி நேரம் விசிறிக் காற்றில் இருந்துவிட்டு மறுபடி அளந்தார்கள். என் அலுவலகத் தோழி ஒருத்தி ஆன்லைனில் வாங்கிய மோதிரத்தில் கல் ஆடியது. திருப்பி அனுப்பினாள், கல்யாணத்தன்று அது எங்கோ கூரியரில் இருந்தது. உள்ளூர் ஆசாரி தொட மறுத்துவிட்டார், தான் கை வைத்தால் அந்த நிறுவனத்தின் உத்தரவாதம் போய்விடும் என்று. 2008இல் சென்னையில் இணையக் கடையாகத் தொடங்கிய காரட்லேனே இன்று ஊர் ஊராகக் கடை திறந்து உட்கார்ந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே தளத்தின் விலை விவரத்தை அச்செடுத்துக்கொண்டு ராஜ வீதிக்குப் போனேன். ஜி நிறம், விஎஸ்1, பட்டை தீட்டியது முதல் தரம், ஜிஐஏ சான்றிதழோடு 30 சென்ட் கல். மோதிரத்தை நீங்களே செய்து, பில்லை இதே மாதிரி பிரித்துக் கொடுங்கள் என்றேன். முதலாளி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மும்பைக்குப் பேசினார். அடுத்த வாரம் மடித்த காகிதப் பொட்டலத்தில் கல் வந்தது. மேசை விளக்கடியில் கவ்வியால் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக நான் வாசிக்க, தம்பி அங்கே பெங்களூரிலிருந்து தளத்தில் போட்டுச் சரிபார்த்தான். இடையர் வீதிப் பட்டறையில் ஆசாரி மோதிரத்தின் நான்கு தங்க நகங்களையும் ஒவ்வொன்றாக வளைத்துக் கல்லைப் பிடிக்கவைத்து, பழைய பருத்தித் துணியால் மேலே தேய்த்துப் பார்த்தார். நூல் எதிலும் சிக்கவில்லை. அதுதான் அவருடைய சோதனை.

தளத்து விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. பில் இல்லாமல் என்றால் 3 சதவீதம் மிச்சம் என்று யாரோ காதோரம் சொன்னதை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் மோதிரத்தைக் கடையே திரும்ப எடுத்தால் விலையில் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதையும் முதலாளி கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் விளைவு, அப்பா பீரோவிலிருந்து பழைய பில்களை எல்லாம் எடுத்துப் பரப்பியிருக்கிறார். அம்மாவின் நெக்லஸுக்கு "கல் வைத்த நெக்லஸ் - 1" என்று ஒரே வரி. கல் எடையைக் கழித்தார்களா என்று கடையில் கேட்டே தீருவேன் என்கிறார். முதலாளி அவருக்கும் காபிக்குச் சொல்வார்.