எனக்குப் பிடிக்காத கேரி நெவில்

இங்கிலாந்து கால்பந்துல லிவர்பூல் ரசிகனான எனக்கு, எங்க எதிரி அணியான மான்செஸ்டர் யுனைடெட்டுல டிஃபெண்டரா (தடுப்பாட்டக்காரரா) ஆடின கேரி நெவிலைக் கண்டாலே ஆகாது. 2006-ல் எங்களுக்கு எதிரா அவரோட சக வீரர் ஃபெர்டினான்ட் கடைசி நிமிஷத்துல தலையால கோல் போட்டதும், எங்க ரசிகர்கள் பக்கமே ஓடிவந்து குதிச்சவர். அதுக்கு 5,000 பவுண்டு அபராதமும் கட்டினார்.

2011-ல் ஸ்கை ஸ்போர்ட்ஸ் டிவியில ஆட்டத்தை அலசுறவரா உட்கார்ந்தப்போ, யுனைடெட்டுக்கு ஜால்ரா அடிப்பார்னுதான் நினைச்சேன். ஆனா மனுஷன் திங்கட்கிழமை ராத்திரி தொடுதிரை முன்னாடி நின்னு, வீடியோவை நிறுத்தி, கோல் விழறதுக்குப் பத்து நொடி முன்னாடியே டிஃபெண்டர் எங்கே கோட்டைவிட்டான்னு வட்டம் போட்டுக் காட்டுவார். ரீவைண்ட் பண்ணிப் பார்த்தா, அட, ஆமா! 2013-ல் எங்க லிவர்பூலோட முன்னாள் வீரர் கேரகரும் பக்கத்துல வந்துட்டார். அப்புறம் அந்த நிகழ்ச்சியைத் தவறவிட்டதே இல்ல.

நடுவுல ஸ்பெயின் அணியான வாலென்சியாவுக்குப் பயிற்சியாளரா போய், பார்சிலோனாகிட்ட 7-0 வாங்கினார். அன்னைக்கு மட்டும் பழைய பகையில கொஞ்சம் சிரிச்சுக்கிட்டேன்.